பின்னேரத்து வோல்ட்

உங்களுக்கும் அறுபது தாண்டியிருக்கும். அந்த நாளையில் ஆறு மணிக்குப் பிறகு பல்பு எப்படி எரியும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பூசணிப்பூ நிறம். உள்ளே இருக்கும் கம்பியை வெறுங்கண்ணால் பார்க்கலாம். படிக்கிற பிள்ளைகள் பல்பைப் போட்டுவிட்டு அதற்குக் கீழே லாம்பும் கொளுத்தி வைப்பார்கள். எங்கள் வீட்டிலும் அதுதான். அக்கா லாம்பு வெளிச்சத்தில் படித்தாள். பல்பு சும்மா எரிந்தது.

நான் எழுதுவது ஒரு வெங்காயப் போகத்தைப் பற்றி. அப்போது எனக்குப் பத்து வயது, அஞ்சாம் வகுப்பு. அதற்குப் பிறகும் கனக்கப் படிக்கவில்லை. எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டேன். பிழை கிடந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் தோட்டம் இணுவிலில். கிணறு பங்குக் கிணறு. அப்பாவுக்குப் பாதி, அப்பாவின் தமையனுக்குப் பாதி. அவர் எங்களுக்குப் பெரியப்பா. காலமை முறை மூத்தவருக்கு, பின்னேர முறை இளையவருக்கு, நேரம் சரிபாதி. காணி உறுதியில் அப்படித்தான் எழுதியிருந்தது. துலாவால் இறைத்த காலத்தில் எழுதியது. துலாவுக்குக் காலமையும் பின்னேரமும் ஒன்று. அதனால் ஒருவரும் குறை சொல்லவில்லை.

பிறகு இரண்டு பேரும் சேர்ந்து கரண்ட் மோட்டர் ஒன்று வாங்கினார்கள். பச்சை நிறம். கிணற்றடியில் ஒரு சின்னக் கொட்டில் போட்டு அதற்குள் வைத்தார்கள். காலமை அஞ்சு மணி தொடக்கம் எட்டு வரை பெரியப்பா. பின்னேரம் அஞ்சு தொடக்கம் எட்டு வரை நாங்கள். இடையில் கிணறு ஊற வேண்டும். அதனால் முறை தவறி ஒருவரும் சுவிச்சில் கை வைப்பதில்லை.

அந்த முறை மழை பிந்தியது. செம்மண் சுட்டது. பெரியப்பாவின் மூன்று மணித்தியாலத்துக்குள் தண்ணீர் அவருடைய கடைசிப் பாத்தி வரைக்கும் போனது. எங்களுக்கு அதே மூன்று மணித்தியாலம். பாதித் தோட்டத்தோடு நின்றது. மிச்சப் பாத்திகளில் வெங்காயத் தாள் மஞ்சளித்து மடிந்தது.

அப்பாவால் இருக்க முடியவில்லை. சாப்பிட இருப்பார், எழும்பிப் போவார். வாய்க்காலை ஒரு நாளில் மூன்று தரம் பார்த்துவிட்டு வருவார். எங்கேயாவது உடைப்பு இருக்க வேண்டும் என்று அலவாங்கால் குத்திக் குத்திப் பார்ப்பார். உடைப்பு இல்லை.

மோட்டரின் சத்தமும் பின்னேரத்தில் வேறு. காலமை சீராகப் போகும். பின்னேரம் முனகும். மேலே தொட்டால் சுடும். அதனால் அப்பா அரை மணித்தியாலம் ஓட்டிவிட்டுக் கால் மணித்தியாலம் நிற்பாட்டுவார். ஈரச் சாக்கை அதன் மேலே போடுவார். மாட்டை அவிழ்த்து நிழலில் விடுவது போலத்தான். சாக்கை நனைத்துக் கொடுப்பது நான்.  கரண்டுக்கு மேலே ஈரச் சாக்கு. ஒருவரும் சாகவில்லை.

ஒரு நாள் சாப்பாட்டுக்கு இருந்தபோது அப்பா அக்காவைப் பார்த்துச் சொன்னார்.

"இந்தப் போகம் சரிவந்தால்தான் உன்ரை சோதனை. இல்லாட்டி நீ நில்லு. நான் ஒருத்தனா நிண்டு பாத்திக்குப் பாத்தி தண்ணி மாறேலாது. அடுத்த போகத்துக்கு எனக்கு ஆள் வேணும்."

அக்கா உடுவிலுக்குச் சைக்கிளில் போய்ப் படித்தாள். விஞ்ஞானம். பள்ளிக்கூடத்துக் கடைசிச் சோதனைக்கு ஒன்றரை மாதம் கிடந்தது. எங்கள் சந்ததியில் அந்தச் சோதனை வரைக்கும் போனது அவள் ஒருத்திதான்.  சோற்றை உருட்டி உருட்டி வைத்தாள்.

"உவர் அண்ணைதான் கிளிப்பை இளக்கிறார்," என்றார் அப்பா. "தன்ரை முறை முடிஞ்சதும் குழாய்க் கிளிப்பை இளக்கிப்போட்டுப் போறார். காத்து இழுக்குது. அதுதான் தண்ணி வரேல்லை."

"கூடப் பிறந்தவரை அப்பிடிச் சொல்லாதேங்கோ," என்றாள் அம்மா.

"அப்ப ஏன் பின்னேரம் மட்டும்? நீ சொல்லு பாப்பம்."

 அக்கா தலையை நிமிர்த்தினாள்.

அம்மாவின் தம்பி கொழும்புத்துறையில் இருந்தார். வயரிங் வேலை. அக்கா கேட்டுவிட்டாள் என்று ஒரு ஞாயிறு காலமை இரண்டு மீட்டரைத் துணிப்பைக்குள் போட்டுக்கொண்டு வந்தார். பெரியப்பாவின் முறை. பெரியப்பா மண்வெட்டியோடு வந்து எட்டிப் பார்த்தார்.

"என்ன மச்சான், என்ரை தண்ணியை அளக்கிறியளோ?"

"தண்ணியை இல்லை. கரண்டை."

"அதை மட்டும்தான் இன்னும் ஒருத்தரும் பங்கு கேக்கேல்லை," என்று சொல்லிப்போட்டுப் பெரியப்பா போய்விட்டார்.

இருநூற்றிருபது வோல்ட். அஞ்சு அம்பியர். அக்கா கொப்பியில் எழுதினாள். பின்னேரமும் அளக்க வேண்டும் என்றாள். மாமா சைக்கிளைத் திருப்பிவிட்டார்.

"அம்பியர் மீட்டர் எனக்கு நாளைக்கு வேலைக்கு வேணும் பிள்ளை. வோல்ட் மீட்டரை வைச்சிரு. கிழமை முடிய வந்து எடுக்கிறன்."

ஒன்று நின்றது. ஒன்று போனது. எல்லாம் அதிலிருந்துதான் தொடங்கியது.

பின்னேரம் எங்கள் முறையில் அக்கா வோல்ட் மீட்டரைப் பிடித்தாள். நூற்றறுபது. பொழுதுபட்டதும் லாம்புக்குக் கீழே கொப்பியோடு இருந்தாள். நாங்கள் சுற்றி நின்றோம். அவள் எழுதிக்கொண்டே சத்தமாகச் சொன்னாள்.

"காலமை இருநூற்றிருபது வோல்ட், அஞ்சு அம்பியர். வோல்ட்டை அம்பியராலை பிரிச்சால் தடை. நாப்பத்துநாலு ஓம்."

"ஆர் என்ன கேட்டதெண்டு ஓம் எண்டுறாய்?" என்றாள் அம்மா.

"சும்மா இருங்கோம்மா. மோட்டர் அதே மோட்டர். தடை அதேதான். பின்னேரம் நூற்றறுபது வோல்ட். நாப்பத்துநாலாலை பிரிச்சால் மூண்டு தசம் ஆறு அம்பியர். வலு எண்டால் வோல்ட்டையும் அம்பியரையும் பெருக்கிறது. காலமை ஆயிரத்து நூறு வாட். பின்னேரம் ஐந்நூற்று எழுபத்தாறு."

பென்சிலை வைத்தாள்.

"பாதி, அப்பா. பின்னேரம் ஊரிலை எல்லாரும் லைட் போடுகினம். வோல்ட் இறங்குது. மோட்டருக்கு அரைவாசி வலு. அரைவாசித் தண்ணி. பெரியப்பா ஒண்டும் செய்யேல்லை."

"கிளிப்பு?"

"கிளிப்பு இறுக்கமாத்தான் கிடக்கு. நான் பாத்தனான்."

அப்பா கொப்பியை வாங்கிப் பார்த்தார். அவருக்கு இலக்கம் தெரியும். அந்த இலக்கங்கள் தெரியாது. ஆனால் முகத்தில் ஏதோ இறங்கியது. தமையனில் கொண்ட கோபம் கொஞ்சம் என்று நினைக்கிறேன்.

"இன்னொண்டு," என்றாள் அக்கா. "அம்பியர் குறைஞ்சால் சூடும் குறையும். பின்னேரம் நீங்கள் நிப்பாட்டி நிப்பாட்டி ஆற விடுறது வீண். ஒரே ஓட்டா ஓட்டலாம். அதிலையே ஒரு மணித்தியாலம் மிச்சம்."

"சுடுதெல்லோ?"

"கொட்டில் வெக்கை. மோட்டர் மாடில்லை அப்பா, களைக்கிறதுக்கு."

அப்பா சிரித்தார். அந்தப் போகத்தில் அவர் சிரித்தது அது ஒன்றுதான்.

அடுத்த நாள் கொப்பியோடு பெரியப்பா வீட்டுக்குப் போனோம். அக்கா முதலில் இருந்து விளங்கப்படுத்தினாள். எங்களுக்குப் பாதித் தண்ணீர்தான் வருகிறது, அதனால் பின்னேர முறையை ஒரு மணித்தியாலம் கூட்டித் தர வேண்டும் என்று கேட்டாள். பெரியப்பா வெற்றிலை போட்டுக்கொண்டு கேட்டார். பெரியம்மா கதவுநிலையில் நின்றாள்.

"உறுதியிலை நேரம் கிடக்கு," என்றார் பெரியப்பா. "வோல்ட் கிடக்கோ?"

"இல்லை."

"அப்ப?"

"உறுதி எழுதின நாளையிலை கரண்ட் இல்லைப் பெரியப்பா."

"உது நியாயம்." வெற்றிலையைத் துப்பினார். "எட்டு மணிக்குப் பதிலா ஒன்பது. காலமை கிணறு ஊறாட்டிக் கொப்பனைக் கேக்கமாட்டன். உன்னைத்தான் கேப்பன்."

"ஓம்."

"தம்பி, நான் கிளிப்பு இளக்கிற கதை சொல்லித் திரியிறானாம். அதையும் கணக்கிலை கழிச்சு விடச் சொல்லு."

பெரியம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அக்கா திரும்பி வரும்போது நடக்கவில்லை, ஓடினாள். நானும் ஓடினேன்.

முதல் நாள் ஒரே ஓட்டாக ஓட்டினோம். சாக்கு ஒரு மூலையில் காய்ந்து கிடந்தது. எனக்கு வேலை இல்லை. அதனால் ஏழு மணி போல மோட்டரின் முதுகில் கையை வைத்தேன். வைத்த கையை உடனே எடுத்துவிட்டேன். உள்ளங்கை சிவந்தது.

"அக்கா, சுடுது."

"சுடாது. கணக்கின்படி காலமையைவிடக் குறைச்சல்."

"கையைப் பாரன்."

"நீ அஞ்சாம் வகுப்பு. பேசாமல் இரு."

நான் பேசாமல் இருந்தேன். தண்ணீர் அன்று பத்துப் பாத்தி கூடப் போனது. அப்பா வாய்க்காலில் தண்ணீர் மாறிக்கொண்டு பாட்டு முணுமுணுத்தார். அதைக் கேட்ட பிறகு யார் சூட்டைப் பற்றிக் கதைப்பது?

இரண்டாம் நாளும் அப்படி. மூன்றாம் நாள் ஒரு மணம் வந்தது. இனிப்பு மணம். பனங்கட்டி காய்ச்சுகிற மணம் போல. அயலில் யாரோ காய்ச்சுகிறார்கள் என்று நினைத்தேன். அக்கா கொட்டிலுக்கு வெளியே லாம்போடு படித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் மணத்திருக்கும். எட்டு மணியாகவில்லை. மோட்டர் ஒருக்கால் முக்கியது. பிறகு கொட்டில் முழுக்கப் புகை. அப்பா பாத்திகளை உழக்கிக்கொண்டு ஓடி வந்தார்.

பெரியப்பாவும் வந்தார். புகைக்குள் இரண்டு பேரும் நின்றார்கள்.

"காலமை நல்லா ஓடின மோட்டர்," என்றார் அப்பா.

"ஓம். என்ரை முறையிலை நல்லாத்தான் ஓடினது."

"அதைத்தான் சொல்லுறன். உங்கடை கை பட்ட பிறகுதான் இது."

"என்ன சொன்னனீ?"

அம்மா நடுவில் போகாவிட்டால் கை வைத்திருப்பார்கள். அன்று இரவு முழுக்க அப்பா முற்றத்தில் நடந்தார். நான் படுத்துக்கொண்டு அவருடைய காலடியைக் கேட்டேன். அக்காவும் படுக்கவில்லை. கொப்பியைத் திறந்தாள், மூடினாள், திறந்தாள். கணக்கில் பிழை இல்லை. நானும் இப்போது கூட்டிப் பார்த்தேன். பெருக்கல் பிரித்தல் எல்லாம் சரி.

அடுத்த நாள் காலமை, செப்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறவர் மோட்டரைக் கழற்ற வந்தார். அப்பாவும் பெரியப்பாவும் தோட்டத்தின் அந்தப் பக்கத்தில் நின்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். கிணற்றை இரண்டாகப் பிரிக்க வழக்குப் போட்டுக் கோட்டுக்குப் போகிறேன் என்றார் அப்பா. போ, உன்னுடைய பாதியை அள்ளிக்கொண்டு போ என்றார் பெரியப்பா. கொட்டிலில் நாங்கள் மூன்று பேர்தான். காயில் கட்டுகிறவர், அக்கா, நான்.

அவர் மூடியைக் கழற்றி மூக்கை வைத்தார். விரலால் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"எல்லாக் காயிலும் ஒரே மாதிரிக் கருகிக் கிடக்கு. பின்னேரம் எவ்வளவு வோல்ட்?"

"நூற்றறுபது," என்றாள் அக்கா.

"எவ்வளவு அம்பியர் இழுத்தது?"

"மூண்டு தசம் ஆறு."

"மீட்டர் வைச்சுப் பாத்தனீரோ?"

"கணக்குப் பாத்தனான்."

அவர் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை.

"பல்பு எண்டால் உம்மடை கணக்குச் சரி பிள்ளை. அடுப்பு எண்டாலும் சரி. இது சுத்துற சாமான். தண்ணியைத் தூக்கியாக வேணும் எல்லோ? வோல்ட் குறைஞ்சால் இது கூட அம்பியர் இழுக்கும். எட்டும் இழுத்திருக்கும், ஒன்பதும் இழுத்திருக்கும். நிப்பாட்டி நிப்பாட்டி ஓடியிருந்தால் தப்பியிருக்கும்."

 அக்கா நிலத்தைப் பார்த்தாள். அவர் மோட்டரைச் சைக்கிள் கரியரில் வைத்துக் கட்டிக்கொண்டு போய்விட்டார். இதை அப்பாவிடம் அவர் சொல்லவில்லை. அப்பா கேட்கவும் இல்லை. அப்பாவுக்குக் காரணம் ஏற்கெனவே தெரியும், தமையன்.

பிற்காலத்தில் என்னுடைய மனுசனுக்கும் இதே தொழில். நாற்பது வருசம் அவருக்குக் காயில் சுற்றிக் கொடுத்தேன். இப்படி எரிந்து வந்தவற்றை எண்ணி முடியாது. படித்தவர்களும் கொண்டு வந்தார்கள். அக்கா சின்னப் பிழை விட்டாள். அளக்க வேண்டியதைக் கணக்குப் பார்த்துவிட்டாள். அவ்வளவுதான். ஆனால் அன்றைக்கு அது சின்னன் இல்லை.

பேசாமல் இருந்திருந்தால் அவளுக்குச் சோதனை கிடைத்திருக்கும். பழி பெரியப்பாவுக்குப் போயிருக்கும். கொட்டில் வாசலில் நான் அவளுடைய சட்டையைப் பிடித்துக்கொண்டேன். அவள் என்னுடைய விரல்களை ஒவ்வொன்றாகக் கழற்றிவிட்டு, வெங்காயப் பாத்திகளுக்கு நடுவால் அவர்கள் நின்ற இடத்துக்குப் போனாள்.

"அப்பா. பெரியப்பாவை ஒண்டும் சொல்லாதேங்கோ. என்ரை கணக்குத்தான் பிழை. ஒரே ஓட்டா ஓட்டச் சொன்னது நான். அதாலைதான் எரிஞ்சது."

 அப்பா அவளைப் பார்த்தார். பிறகு கிணற்றைப் பார்த்தார்.

"இனிப் பள்ளிக்கூடம் இல்லை," என்றார்.

அன்று குசினியில் அம்மா கேட்டாள். "சொல்லாமல் இருந்திருக்கலாமே பிள்ளை."

"அப்பா கோட்டுக்குப் போயிருப்பார்."

"போனால்?"

"கிணறு ஒண்டுதானேயம்மா."

அம்மா அடுப்பை ஊதினாள்.

மண்ணெண்ணெய் மெசின் ஒன்றை இரவல் வாங்கி இறைத்தோம். பாதி வெங்காயம் செத்தது. அக்கா காலமையும் பின்னேரமும் தோட்டத்தில் நின்றாள். கால் பித்தம் வெடித்தது. கொப்பியைத் தொடவில்லை என்று எல்லாரும் நினைத்தார்கள். தொட்டாள். கிடுகு வேலிக்கு அந்தப் பக்கம் பெரியம்மா வீட்டில் வைத்துப் படித்தாள். எனக்குத் தெரியும். அந்தக் கொப்பி பிறகு இடம்பெயர்ந்தபோது போய்விட்டது. வீடே போனது, கொப்பியை ஆர் தேடுவது?

மோட்டர் திரும்பி வந்தது. காயில் கட்டுகிறவர் ஒரு பலகையில் வோல்ட் மீட்டரும் அம்பியர் மீட்டரும் பூட்டிக் கொட்டிலில் அறைந்துவிட்டுப் போனார். பெரியப்பா சொல்லிச் செய்வித்தது. அப்பா அந்தப் பலகையைத் திரும்பியும் பார்ப்பதில்லை. தமையனோடு கதைத்தார், ஆனால் தேவைக்கு மட்டும்.

சோதனை நாள் வந்தது. அக்கா பள்ளிக்கூடத்து வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு அறைக்குள் நின்றாள். வெளியே வரவில்லை. அப்பா விறாந்தையில். போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. எழும்புவார், இருப்பார். வேலிப் படலையடியில் சைக்கிள் மணி அடித்தது. பெரியப்பா.

"பிள்ளை, ஏறு. நேரம் போகுது."

"அண்ணை, உது என்ரை பிள்ளை," என்றார் அப்பா. "என்ரை சொல்லு."

"எரிஞ்ச மோட்டரிலை எனக்கும் பாதி. அதாலை அந்தச் சொல்லிலையும் எனக்குப் பாதி கிடக்கு. ஏறு மோனை."

அக்கா விறாந்தையைக் கடந்து போனாள். அப்பாவின் காலுக்கு ஒரு சாண் தள்ளி. அவர் காலை எடுக்கவில்லை, மறிக்கவும் இல்லை. சைக்கிள் போன பிறகு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனார். முதல் நாள் கொத்திய இடத்தையே திரும்பவும் கொத்தினார். மத்தியானம் சாப்பிட வரவில்லை.

பாஸ் பண்ணினாளா என்று கேட்பீர்கள். பண்ணினாள். பிறகு நடந்ததெல்லாம் வேறு கதை. எனக்கு மனதில் நிற்பது அன்றைய பின்னேரம்.

அவள் மூன்று மணிக்கு வந்தாள். எப்படி எழுதினாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. அப்பா அன்றைக்குப் பிந்தித்தான் கிணற்றடிக்கு வந்தார். ஆறரை இருக்கும். ஊரில் லைட் போடத் தொடங்கிவிட்டார்கள். அக்கா சட்டை மாற்றாமல் அவருக்குப் பின்னால் வந்தாள். நான் அவளுக்குப் பின்னால்.

அப்பா சுவிச்சில் கையை வைத்தார்.

"அப்பா, பொறுங்கோ. இப்ப போடாதேங்கோ."

அவர் திரும்பவில்லை.

"கணக்கோ?"

"இல்லை. மீட்டரைப் பாத்துச் சொல்லுறன். நூற்றறுபத்தைஞ்சிலை நிக்குது. போட்டால் இன்னும் இறங்கும்."

கை சுவிச்சிலேயே இருந்தது. வாய்க்கால் காய்ந்து கிடந்தது. அந்தப் பக்கத்துப் பாத்திகளில் மிச்சம் இருந்த வெங்காயத்துக்கு இரண்டு நாளாகத் தண்ணீர் இல்லை. அது அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

அப்பா கையை எடுத்தார்.

"எப்ப ஏறும்?"

"தெரியாது," என்றாள் அக்கா. "பாத்துக்கொண்டிருப்பம்."

அப்பா மண்வெட்டியைச் சாத்திவிட்டுக் கிணற்றுக்கட்டில் இருந்தார். கொஞ்சம் தள்ளி இருந்து பக்கத்தில் இடம் விட்டார். அக்கா வெள்ளைச் சட்டையோடு அதில் போய் இருந்தாள். என்னையும் இழுத்து மடியில் வைத்தாள். மூன்று பேரும் மீட்டரின் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.